பெயின்ட் அடிக்கும் முன் காரின் சிறு ஒடுக்குகளையும் சிராய்ப்புகளையும் சரிசெய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதவில் விழுந்த சிறு ஒடுக்கும் பம்பர் மூலையில் ஏற்பட்ட சிராய்ப்பும் பெயின்ட் அடிக்கும் நாளில் சரியாவதில்லை. அதற்கு முந்தைய நாட்களில், உப்புத்தாளும் தேய்ப்புக் கட்டையும் கையில் இருக்கும்போதே அவற்றின் கதி முடிவாகிவிடுகிறது. அந்த முன்வேலையில் முதன்முறையாகத் தாமே இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். பெரும்பாலும் எஃகுத் தகட்டை மனத்தில் வைத்தே எழுதியுள்ளேன். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பின்னால் தனியே வருகின்றன.

பெயின்ட் அடித்தால் சிறிய பள்ளம் தானாகவே மறைந்துவிடாதா?

மறையாது, முன்பைவிடத் தெளிவாகவே தெரியும். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் மின்படிவுப் பூச்சு (மின்சாரத்தால் தகட்டில் படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு), பிரைமர் (நிறத்துக்கு அடியில் போகும் அடிப்பூச்சு), நிறப்பூச்சு, கிளியர் கோட் (நிறமற்ற பளபளப்பு மேற்பூச்சு) என்று பல அடுக்குகள் இருந்தாலும், எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான் தேறும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். இவ்வளவு மெல்லிய படலம் பள்ளத்தை நிரப்பாது. அடியில் உள்ள மேடுபள்ளத்தை ஒட்டி அப்படியே படியும். மங்கலான பிரைமரின் மேல் கண்ணுக்குத் தட்டுப்படாத அலைவுகூட, கிளியர் கோட்டின் பளபளப்பு ஏறியதும், எதிரே நிற்கும் விளக்குக் கம்பத்தின் பிம்பம் அந்த இடத்தில் மட்டும் நெளிவதைக் கொண்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். வெள்ளையில் ஓரளவு தப்பலாம்.

கீறல் எவ்வளவு ஆழமானது என்று எப்படிக் கண்டறிவது?

முதலில் அந்த இடத்தைக் கழுவித் துடையுங்கள். வேறு வாகனத்தின் பெயின்ட்டோ சுவரின் சுண்ணாம்போ ஒட்டியிருப்பதையே பலர் கீறல் என்று எண்ணிவிடுகிறார்கள். பிறகு கீறலின்மேல் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை கீறல் மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தெரிந்தால், சேதம் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுக்கும்போது நகம் சிக்கினால், பாலிஷ் செய்து சரிசெய்யும் எல்லையைக் கீறல் தாண்டிவிட்டது. உள்ளே சாம்பல் நிறமோ வேறு மங்கிய நிறமோ தெரிந்தால் பிரைமர் வரை இறங்கியிருக்கிறது. வெள்ளிபோல் பளிச்சென்றோ பழுப்பாகவோ தெரிந்தால் உலோகமே வெளிப்பட்டுவிட்டது. அந்த நிலையில் நாளைக் கடத்தக் கூடாது.

எதை நானே செய்யலாம், எதைத் தேர்ந்த டிங்கரிடம் விட வேண்டும்?

தட்டையான அல்லது மெல்ல வளைந்த பரப்பில், உள்ளங்கை அளவுக்குள் அடங்கும், தகடு கிழியாத, கூர்மையாக மடியாத ஒடுக்குகளைப் பொறுமையுள்ள எவரும் சரிசெய்யலாம். கதவின் நடுவே ஓடும் உடற்கோடு மடிந்திருந்தாலோ, ஒடுக்கு பலகையின் ஓரம்வரை சென்றிருந்தாலோ, கதவுக்கும் பக்கப் பலகைக்கும் இடையிலான இடைவெளி முன்பைவிட மாறியிருந்தாலோ, உள்ளே இருக்கும் சட்டமும் வளைந்திருக்கக்கூடும். அப்போது மேற்பரப்பை மட்டும் சமன்செய்வது அர்த்தமற்ற வேலை.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இன்றைய பல கார்களில் பம்பருக்குப் பின்னால் ரேடார் உணரிகள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் பட்டியோ (பள்ளத்தை மூடத் தடவும், இறுகும் பசை) அளவுக்கு மிஞ்சிய பெயின்ட்டோ ஏறினால் சமிக்ஞை தடைபடும். அந்தப் பகுதியில் பழுதுபார்க்கலாமா கூடாதா என்பதை வாகனத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

தண்ணீரில் கழுவினால் போதாதா? எண்ணெய்ப் பசை நீக்கி எதற்கு?

போதாது. காரின் மேற்பரப்பில் மெழுகும், பாலிஷில் வரும் சிலிக்கோனும், சாலையின் தார்ப்பிசுக்கும் படிந்திருக்கும். சோப்புநீர் இவற்றில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். மீதியை அகற்றாமல் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால், தாளே அந்தப் பிசுக்கைக் கோடுகளுக்குள் அழுத்திப் புதைத்துவிடும். அதன் விளைவு பெயின்ட் அடிக்கும்போதுதான் தெரியும்: ஈரமான பெயின்ட் அங்கங்கே விலகி, வட்ட வட்டமான சிறு குழிகளாக நிற்கும்.

ஆகவே வரிசை இதுதான்: சோப்புநீர், நல்ல தண்ணீர், உலர்த்தல், எண்ணெய்ப் பசை நீக்கி, அதற்குப் பிறகே தேய்ப்பு. நீக்கியை ஒரு துணியால் தடவி, அது ஆவியாகும் முன்பே வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால், கரைந்த பிசுக்கு அதே இடத்தில் மீண்டும் படிந்துவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் இதைத் திரும்பச் செய்யுங்கள். ஆனால் தேய்த்த பட்டியின்மேல் நீக்கியை நனைய நனைய ஊற்றாதீர்கள். பட்டி அதை உறிஞ்சிவைத்துக்கொள்ளும்.

ஒடுக்கைத் தட்டி எடுக்காமல் பட்டியை வைத்தே நிரப்பிவிடலாமா?

இந்த வேலையில் ஆகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. பட்டி என்பது தகட்டைத் தன் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு எஞ்சும் நுண்ணிய வேறுபாட்டை மூடுவதற்கான தோல். குழியைத் தூர்க்கும் மண்ணைப்போல் அதைக் கொட்டக் கூடாது. தகடு அதிரும், வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். தடித்த பட்டி அதே அளவில் விரிவதும் சுருங்குவதும் இல்லை. ஆகையால் நாளடைவில் ஓரத்தில் விரிசல் விடும். அவ்விரிசல் வழியே நீர் இறங்கும். பட்டி முழுத்துண்டாகப் பெயர்ந்து வரும்.

ஒடுக்கைத் தட்டி எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. மோதலில் முதலில் விழுந்தது நடுப்பள்ளம்; அதைச் சுற்றி எழுந்த மேட்டு விளிம்பு கடைசியில் உண்டானது. எடுக்கும்போது இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். நடுவிலேயே ஓங்கி அடித்தால் தகடு நீண்டுபோகும். நீண்டுபோன தகடு அழுத்தினால் ‘டப்’ என்று உள்ளே போய், விட்டால் வெளியே வரும். அதைச் சூடுகாட்டிச் சுருக்குவது பழகிய கைக்கே உரிய வேலை. எனவே பள்ளத்துக்குப் பின்னால் டாலியை (கையில் பிடிக்கும் கனத்த இரும்புத் தாங்குகட்டையை) நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே மேட்டு விளிம்பின்மேல் தட்டைச் சுத்தியலால் இலேசாகத் தட்டிவாருங்கள். சுத்தியல் மேட்டை இறக்கும்போது டாலி பள்ளத்தை ஏற்றும். விளிம்பைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி வந்து, முக்கால்வாசி சமமான பிறகே சுத்தியலும் டாலியும் நேருக்கு நேர் சந்திக்கும்படி தட்ட வேண்டும். நூறு சிறு தட்டல்கள் நல்லவை; ஐந்து பெரிய அடிகள் கெடுதல்.

கதவின் உட்புறம் கை நுழையாத இடங்களில், தகட்டின்மேல் சிறு ஆணிகளை ஒட்டவைத்து இழுக்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். முன்பு தகட்டில் துளையிட்டுக் கொக்கி மாட்டி இழுத்தார்கள். அத்துளைகள் பின்புறத்திலிருந்து ஈரத்தைப் பட்டிக்குள் கொண்டுவரும் என்பதால் அம்முறையைத் தவிர்த்துவிடுங்கள்.

இறுதியில் ஒரு விதியை மறக்காதீர்கள்: தாழ்ந்த இடத்தைப் பட்டி மூடும், உயர்ந்த இடத்தை எதுவும் மூடாது. சுற்றுப்பரப்பைவிட ஒரு நூல் மேடு இருந்தாலும் தட்டி இறக்கிய பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

உறிஞ்சு கப், வெந்நீர், ஐஸ் போன்ற வீட்டுவழிகள் பலன் தருமா?

பெயின்ட் உடையாத, அகலமான, ஆழமில்லாத ஒடுக்கை உறிஞ்சு கப் சில நேரம் வெளியே இழுத்துவிடும். மடிப்போடு கூடிய சிறு ஒடுக்கில் அதனால் ஒன்றும் ஆகாது. வெந்நீர் பிளாஸ்டிக் பம்பருக்கு நன்றாகவே உதவும். எஃகுத் தகட்டைச் சூடாக்கி உடனே குளிர்விக்கும் வித்தைகளை நம்பி நாளை வீணாக்க வேண்டாம்.

பழைய பெயின்ட்டை எவ்வளவு தூரம் சுரண்ட வேண்டும்? விளிம்பை ஏன் சரிவாக்கச் சொல்கிறார்கள்?

பட்டி உட்காரும் இடத்திலும் அதைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் அகலத்துக்கும் பெயின்ட்டை முழுவதும் எடுக்க வேண்டும். இதற்கு 80 எண் உப்புத்தாள் போதும் (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்). அதற்கு அப்பால், நன்றாக ஒட்டியிருக்கும் தொழிற்சாலைப் பூச்சைத் தொட வேண்டியதில்லை; அது துருவைத் தடுக்கும் மிகச் சிறந்த கவசம்.

வெற்றுத் தகடும் பழைய பெயின்ட்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு படி உருவாகியிருக்கும். அந்தப் படியை 180 எண் தாளிலும் பிறகு 320 எண் தாளிலும் தேய்த்துத் தேய்த்து நீண்ட சரிவாக்க வேண்டும். சரியாகச் செய்திருந்தால் ஒவ்வொரு அடுக்கும் மரத்தின் ஆண்டு வளையம்போல் தனித்தனி நிறப் பட்டையாக விரிந்து தெரியும்: நடுவே உலோகம், அடுத்து கறுப்போ பச்சையோ கலந்த மின்படிவுப் பூச்சு, அடுத்து சாம்பல் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் கிளியர் கோட்டின் மங்கலான வெண்கோடு. இந்தப் பட்டைகள் எவ்வளவு அகலமாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு விளிம்பு தெரியாமல் போகும்.

தொடக்க காலத்தில் ஒரு முன்பக்க மட்கார்டில் இந்த வேலையை நான் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டேன். பட்டைகள் நூலளவுக்குத்தான் இருந்தன. பிரைமர் மூடிவிடும் என்று நம்பினேன். பெயின்ட் அடித்த அன்று ஒரு குறையும் தெரியவில்லை. சில வாரங்கள் கழித்து, பிரைமரில் இருந்த கரைப்பான் முழுவதும் வெளியேறிப் படலம் சுருங்கியதும், பழுதுபார்த்த இடத்தைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு கோடு எழும்பி நின்றது. மீண்டும் தகடுவரை இறங்கித்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது. அந்த ஒரு விளிம்புக்காக இப்போது ஒரு முழுக் காலையைச் செலவிடவும் நான் தயங்குவதில்லை.

பழைய பெயின்ட் முன்பே ஒருமுறை மறுபடி அடிக்கப்பட்டதா என்ற ஐயம் இருந்தால், தின்னரில் நனைத்த துணியை ஒரு மறைவான இடத்தில் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். பெயின்ட் இளகி நிறம் துணியில் ஏறினால், புதிய பூச்சின் கரைப்பானும் அதைச் சுருங்கி எழும்பச் செய்யும். அப்படிப்பட்ட பூச்சை எடுத்துவிடுவதே நல்லது.

துரு இருந்தால் என்ன செய்வது? துரு மாற்றி தடவினால் போதுமா?

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயின்ட்டுக்கு அடியில் கடுகளவு துரு மிஞ்சினாலும் அது கொப்புளமாக எழுகிறது. பொருக்காக இருப்பதைக் கம்பித் தூரிகையாலும் 80 எண் தாளாலும் எடுத்து, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை செல்ல வேண்டும். குழிகளுக்குள் கரும்புள்ளிகளாக எஞ்சுவதற்குத்தான் பாஸ்பாரிக் அமிலம் கலந்த கரைசல் பயன்படும். அது இரும்பு ஆக்சைடை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. அமிலத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே பட்டி வைத்தால் பட்டி சரியாக இறுகாது. கரைசலின் கலனில் எழுதியிருக்கும் முறைப்படி கழுவியோ நடுநிலையாக்கியோ முழுவதும் உலர்த்திய பிறகே தொடர வேண்டும்.

திருப்புளி முனையால் குத்தினால் தகடு ஓட்டையாகிறது என்றால், அது பட்டியின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. அந்தப் பகுதியை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும்.

பட்டியை நேரடியாக உலோகத்தின்மேல் வைப்பதா, பிரைமரின்மேல் வைப்பதா?

இரண்டும் நடைமுறையில் உண்டு. 80 எண் தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய வெற்று எஃகைப் பாலியஸ்டர் பட்டி நன்றாகப் பற்றிக்கொள்ளும். நெடுங்காலமாக இதுவே வழக்கம். முதலில் எபாக்சி பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் சொரசொரப்பாக்கி, அதன்மேல் பட்டி வைப்பது இன்னும் பாதுகாப்பானது. ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தகட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு தடை நிற்கும். நேரம் இருந்தால் நான் இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். அமிலம் கலந்த அரிப்புப் பிரைமரின்மேல் மட்டும் பட்டியை வைக்காதீர்கள். இறுகும் வேதிவினையை அந்த அமிலம் கெடுத்துவிடும். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால், அதற்கு ஏற்றது என்று கலனிலேயே குறிப்பிடப்பட்ட பட்டியை வாங்குங்கள்.

பட்டியும் ஹார்டனரும் எந்த அளவில் கலக்க வேண்டும்?

எடைக்கணக்கில் 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் என்பது பொதுவான அளவு; உங்கள் கலனில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஹார்டனர் என்பது பட்டியை இறுகச் செய்யும், பென்சாயில் பெராக்சைடு கலந்த பசை. கலவை சீரானதா என்று கண்ணால் அறியத்தான் அதற்குச் சிவப்பு போன்ற நிறத்தைச் சேர்த்திருக்கிறார்கள். வரிவரியாகச் சிவப்பு தெரியும்வரை கலவை முடியவில்லை. ‘வேகமாக இறுகட்டும்’ என்று ஹார்டனரைக் கூட்டினால், எஞ்சும் பெராக்சைடு மேலேறிப் புதுப் பெயின்ட்டில் கறையாகத் தெரியக்கூடும். குறைத்தால் பட்டி என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருந்து உப்புத்தாளை அடைத்துக்கொண்டிருக்கும்.

கண்ணாடி, உலோகம், வழுவழுப்பான பிளாஸ்டிக் பலகை ஆகியவற்றின்மேல் கலக்கலாம். அட்டைத்துண்டு வேண்டாம், அது பட்டியின் பிசினை உறிஞ்சிவிடும். மாவு அடிப்பதுபோல் சுழற்றாமல், பட்டி வழிக்கும் தகட்டால் அழுத்தி மடித்து, மீண்டும் அழுத்தி மடித்துக் கலக்குங்கள். சுழற்றினால் காற்று புகுந்து பிறகு நுண்துளைகளாக வெளிப்படும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து நிமிடம்தான்; வெயில் நாளில் அதுவும் குறையும். ஆகவே அந்த நேரத்துக்குள் வழித்து முடிக்கக்கூடிய அளவை மட்டும் எடுங்கள். கலந்து மிஞ்சியதை ஒருபோதும் கலனுக்குள் திருப்பிப் போடாதீர்கள்.

எவ்வளவு தடிமனாக வைக்கலாம்?

தேய்த்து முடித்த பிறகு எந்த இடத்திலும் 3 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் முடிந்தால் மிகவும் நல்லது. முதல் வழிப்பு மிக மெல்லியதாக, தகட்டை நன்றாக அழுத்தித் தேய்த்தாற்போல் இருக்கட்டும். உப்புத்தாள் கோடுகளுக்குள் பட்டி இறங்குவது அப்போதுதான். அதன்மேல், பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி இருபுறமும் சற்று அகலமாக அடுத்த அடுக்கை இழுங்கள். ஒரே தடவையில் குவித்து வைப்பதைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் மேல்.

இறுகிய பட்டியைத் தேய்த்துச் சமன் செய்வது எப்படி? கை உணர்ந்தால் போதுமா?

15 முதல் 30 நிமிடத்துக்குள் பட்டி தேய்க்கும் பதத்துக்கு வரும். நகத்தால் கீறினால் வெண்மையாகப் பொடி உதிர வேண்டும். சுருளாகப் பிசுபிசுத்து வந்தால் பொறுத்திருங்கள். மேலே மெழுகுபோல் ஒரு பசைப்படலம் நிற்கும். முதல் சில இழுப்புகளில் தாள் அடைபடுவது அதனால்தான்.

விரல்களால் தாளைப் பிடித்துத் தேய்க்கவே கூடாது. விரல்நுனிகள் அழுந்தும் இடமெல்லாம் வாய்க்கால் விழும். பள்ளத்தைவிட நீளமான தேய்ப்புக் கட்டையில் தாளைச் சுற்றி, 80 எண்ணில் தொடங்கி, ஒரு முறை வலமிருந்து மேல்சாய்வாகவும் அடுத்த முறை இடமிருந்து மேல்சாய்வாகவும் குறுக்கு நெடுக்காகத் தேய்த்துவாருங்கள். வடிவம் வந்துவிட்டது என்று தோன்றும்போதே 80-ஐ நிறுத்திவிட்டு 120, 180, பிறகு 240 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாள் போட்ட கோட்டை எடுப்பதுதான். நேராக 80-இலிருந்து 320-க்குத் தாவினால், அடியில் தங்கிய தடித்த கோடுகள் பெயின்ட் காய்ந்து சுருங்கிய பிறகு ஒவ்வொன்றாக மேலே தெரியத் தொடங்கும்.

பாலியஸ்டர் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது சுண்ணக்கட்டிபோல் நீரை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும். தகட்டில் துரு தொடங்குவதும் பெயின்ட்டில் கொப்புளம் எழுவதும் அங்கிருந்துதான்.

கண்ணைவிடக் கை கூர்மையானது. ஆனால் கையும் ஏமாறும். உள்ளங்கையை முழுதாகப் படியவைத்து, சேதமே இல்லாத இடத்தில் தொடங்கி, பழுதுபார்த்த இடத்தின் மேலாக மறுபுறத்து நல்ல இடம்வரை, ஒரே அழுத்தத்தில் மெதுவாக இழுங்கள். கைக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்துக்கொண்டால், தோலின் பிடிப்பு போய், மேடும் தாழ்வும் மட்டும் உணர்வுக்கு வரும். கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள்; திறந்த கண் ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும் இடத்தில் மூடிய கண்ணோடு இழுக்கும் கை நின்றுவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இதற்கும் மேலான சாட்சி வழிகாட்டிப் பூச்சு. மாறுபட்ட நிறத்தில் ஒரு மெல்லிய தூவலை, மூடாமல் புள்ளிகளாக, பரப்பு முழுவதும் தூவிவிட்டுக் கட்டையால் தேய்த்தால், மேட்டில் நிறம் உடனே போய்விடும்; பள்ளத்தில் தங்கும். தங்கிய இடத்துக்கு இன்னொரு மெல்லிய பட்டி. போன இடத்தில் உலோகம் பளிச்சிட்டால் அது மேடு. மேலும் தேய்க்காமல் அந்த இடத்தைத் தட்டி இறக்குங்கள்.

தேய்த்த பட்டியில் நுண்துளைகள் தெரிகின்றன. பிரைமர் அவற்றை மூடாதா?

மூடாது, துளையின் வாயில் மெல்லிய தோல்போல் படிந்து, காயும்போது உடைந்து மறுபடி காட்டும். இரண்டு கூறுகள் கொண்ட மென்பட்டியை வழிக்கும் தகட்டால் அழுத்தித் தேய்த்து நிரப்பி, 240-இலும் 320-இலும் தேய்த்துவிடுங்கள். ஹார்டனர் இல்லாமல் டியூபிலிருந்து வரும் பட்டி காற்றில் மெதுவாகக் காய்ந்து சுருங்குவது. ஊசிமுனைத் துளைக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பிளாஸ்டிக் பம்பருக்கும் இதே முறைதானா?

இல்லை. பம்பர் வளைந்து கொடுக்கும். சாதாரணப் பட்டி வளையாது, உடையும். பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள நெகிழ்வான பட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒடுக்கு மட்டும் இருந்தால் வெந்நீரோ சூடான காற்றோ காட்டி உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் பழைய வடிவுக்கே வந்துவிடும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். சிராய்ப்பில் பிளாஸ்டிக் நார்நாராக எழுந்து நின்றால், தேய்க்கத் தேய்க்க அது இன்னும் பஞ்சாகும். கூரிய கத்தியால் மழித்துவிட்டுத் தேய்க்க வேண்டும்.

பெரும்பாலான பம்பர்கள் பாலிபுரோப்பிலீன் வகையைச் சேர்ந்தவை. அதன்மேல் எந்தப் பூச்சும் தானாக ஒட்டாது. எனவே வெற்றுப் பிளாஸ்டிக் தெரியும் இடமெல்லாம், பட்டிக்கும் பிரைமருக்கும் முன்பு, ஒட்டுந்தன்மை தரும் பிளாஸ்டிக் பிரைமரை அடிப்பது கட்டாயம். இதை விட்ட பம்பரில்தான் சிறு கல் பட்டாலே பெயின்ட் தோலுரிந்ததுபோல் பெயர்ந்து வரும். எந்தப் பிளாஸ்டிக் என்பது பம்பரின் உட்புறத்தில் எழுத்துகளாக அச்சிடப்பட்டிருக்கும்; பொருள் வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினியப் பலகை என்றால்?

காந்தம் ஒட்டாத பலகை பிளாஸ்டிக்காகவும் இல்லையென்றால் அது அலுமினியம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அல்லது தடித்த பழைய பட்டியாக இருக்கலாம். பட்டி என்றால் அதே பலகையின் வேறு இடத்தில் காந்தம் ஒட்டும். அலுமினியம் மென்மையானது, எளிதில் நீளும், மடிந்த இடத்தில் இறுகி வெடிக்கவும் செய்யும். எஃகுக்குப் பயன்படுத்திய சுத்தியல், தாள், தூரிகை எதையும் இதில் வைக்காதீர்கள். பதியும் இரும்புத் துகள்கள் அரிப்பைத் தொடங்கிவைக்கும். ஆழமான ஒடுக்கென்றால் அனுபவமுள்ளவரிடம் விடுவதே சரி.

பிரைமரை எப்படி அடிப்பது, எந்தத் தாளோடு முடிப்பது?

தேய்த்தலில் வெளிப்பட்ட வெற்று உலோகத்துக்கு முதலில் எபாக்சி, அதன்மேல் தடிப்பாகப் படியும் நிரப்புப் பிரைமர் என்பது நல்ல வரிசை. இரண்டு மூன்று பூச்சுகளாக, ஒவ்வொன்றின் கரைப்பானும் பறந்து மேற்பரப்பு மங்கியபின் அடுத்தது என்று அடியுங்கள். முதல் பூச்சு பட்டியைச் சற்றே தாண்ட, அடுத்தடுத்தவை இன்னும் அகலமாகப் போகட்டும். மறைப்பு நாடாவின் ஓரம் வரை அடித்தால் அங்கே ஒரு படி நிற்கும். நாடாவை மடித்துச் சுருட்டி வைத்தால் ஓரம் மென்மையாகும்.

நன்றாகக் காய்ந்த பின், ஒரு இரவு முழுவதும் விடுவது நல்லது, மீண்டும் வழிகாட்டிப் பூச்சைத் தூவிக் கட்டையால் தேய்க்க வேண்டும். ஒற்றை நிறத்துக்கு 400 முதல் 600 எண் வரை போதும். மெட்டாலிக் நிறமென்றால் ஈரத்தாளில் 800 வரை செல்லுங்கள், ஏனெனில் அலுமினியத் துகள்கள் கோடுகளில் சாய்ந்து அக்கோடுகளையே காட்டும். தேய்க்கும்போது உலோகமோ பட்டியோ எட்டிப் பார்த்தால் அந்த இடத்துக்கு மீண்டும் பிரைமர் வேண்டும். ‘இத்தனை சிறிய புள்ளிதானே’ என்று விட்டுவிடத் தோன்றும், விட்டுவிடாதீர்கள்.

வேலையைப் பாதியில் விட்டு வண்டியை ஓட்டலாமா?

எபாக்சி பிரைமர் அடித்த நிலையில் சில நாட்கள் ஓட்டலாம். வெறும் பட்டியோடும் வெற்று உலோகத்தோடும் வெளியே நிறுத்தவே கூடாது. ஈரக்காற்றில் தேய்த்த எஃகு சில மணி நேரத்திலேயே பழுப்பேறும். சாதாரண நிரப்புப் பிரைமரும் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மழையில் விட வேண்டாம். தகட்டின் வெப்பம் பனிபடியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்கும் நேரத்தில் மட்டும் பூச்சு வேலையைச் செய்யுங்கள். அதிகாலையில் தகடு வியர்த்திருக்கும்.

உடலுக்கு என்ன ஆபத்து?

பட்டித் தூசி நுரையீரலுக்குள் இறங்கக்கூடிய அளவுக்கு நுண்மையானது. எஃப்எஃப்பி2 அல்லது என்95 தரத்து முகமூடியும் கண்ணாடியும் அணிந்தே தேய்க்க வேண்டும். மிகப் பழைய கார்களின் பெயின்ட்டிலும் நிரப்பிலும் ஈயம் இருக்கக்கூடும். அங்கே உலர்ந்த தூசி பறக்கவே விடக் கூடாது.

ஹார்டனர் கலந்து அடிக்கும் இருகூறு பிரைமர்களிலும் கிளியர் கோட்டுகளிலும் பெரும்பாலும் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரப் போதும். தூசி முகமூடி இதைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் தேவை. அந்த வசதி இல்லாதவர்கள் தட்டுதல், பட்டி, தேய்ப்பு ஆகியவற்றைத் தாமே முடித்துவிட்டு, தெளிப்பதை வசதியுள்ள பட்டறையில் விடுமாறு உளமாரக் கேட்டுக்கொள்கிறேன். முன்வேலை ஒழுங்காக இருந்தால் அதில் எந்தக் குறைவும் இல்லை.

பரப்பு பெயின்ட்டுக்குத் தயாராகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

பிரைமர் மங்கலாக இருப்பதால் குறை தெரியாது. எனவே எண்ணெய்ப் பசை நீக்கியை ஒரு துணியில் நனைத்துப் பரப்பு முழுவதும் தடவுங்கள். அது ஈரமாக இருக்கும் சில வினாடிகளுக்குப் பிரைமர் பெயின்ட்டைப்போல் பளபளக்கும். அந்த வினாடிகளில் குனிந்து, தகட்டின் நீளவாக்கில், ஒரு நீண்ட விளக்கின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே தலையை மெதுவாக நகர்த்துங்கள். பிம்பத்தின் கோடு பழுதுபார்த்த இடத்தின் மேல் வளையாமல், தடித்து மெலியாமல், உடையாமல் கடந்து சென்றால் பரப்பு தயார். எங்கேனும் சிறிதே நெளிந்தால், அந்த இடத்தைப் பென்சிலால் இலேசாக வட்டமிட்டு, நீக்கியைத் துடைத்துவிட்டு, மறுபடியும் கட்டையை எடுங்கள்.